ஸ்பீட் ஃபைன் விழுந்தால் கார் இன்சூரன்ஸ் ஏறுமா? வேலூர் வாகன ஓட்டிகளுக்கான கேள்வி பதில்

சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 48, வாலாஜா முதல் வாணியம்பாடி வரை வட ஆற்காட்டு ஊர்களை ஒட்டியே ஓடுகிறது. ராணிப்பேட்டையிலிருந்து சத்துவாச்சாரிக்கு வேலைக்கு வருபவர், ஆம்பூரிலிருந்து சி.எம்.சி.க்கு வருபவர், காட்பாடியிலிருந்து திருப்பதிக்குப் போகிறவர் என எல்லோருக்கும் ஒரு நாள் மொபைலில் அந்த மெசேஜ் வருகிறது: அதிவேகம், அபராதம், சலான் எண். அதைப் பார்த்ததும் ‘இன்சூரன்ஸில் கை வைத்துவிடுவார்களோ’ என்ற கவலை வருகிறது. இந்தப் பக்கம் அந்தக் கவலைக்கான பதில்.

ஸ்பீட் சலான் விழுந்தால் அடுத்த வருட பிரீமியம் ஏறுமா?

ஏறாது. சலான் விழுந்தது என்பதற்காக மட்டும் பிரீமியத்தைக் கூட்டும் நடைமுறை இந்தியாவில் பொதுவாக அமலில் இல்லை. ‘டிக்கெட் வாங்கினால் இன்சூரன்ஸ் எகிறிவிடும்’ என்று யூடியூபில் கேட்பதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன் கதை.

ஆனால் இதைக் கேட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். நம் ஊரில் வேகம் அடிக்கிற இடம் பிரீமியம் இல்லை, கிளைம். சலான் லைசென்ஸைத் தொடுகிறது, லைசென்ஸ் கிளைமைத் தொடுகிறது. வேகத்தால் நடக்கும் ஒரு மோதல் பல வருடமாகச் சேர்த்த நோ கிளைம் போனஸை (கிளைம் எடுக்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி, சுருக்கமாக என்சிபி) ஒரே நாளில் துடைத்துவிடுகிறது. கீழே இருக்கும் பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டைப் பற்றித்தான்.

அப்படியானால் என் பிரீமியத்தை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பாலிசியில் இரண்டு பகுதி. ஒன்று தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பகுதி. இதன் கட்டணத்தை மத்திய அரசே அறிவிக்கிறது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒரே தொகை. 2022 ஜூன் 1 முதல் அமலான பட்டியலின்படி சொந்த உபயோகக் காருக்கு ஒரு வருடத்துக்கு: 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். நீங்கள் எத்தனை சலான் வாங்கினாலும் இதில் ஒரு ரூபாய் கூடாது. ஒரு சலானும் வாங்காவிட்டாலும் ஒரு ரூபாய் குறையாது.

இரண்டாவது பகுதி ஓடி, அதாவது உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி. இதில் 2007 முதல் கம்பெனிகளே விலை வைக்கின்றன. வண்டியின் ஐடிவி (பாலிசியில் குறித்த வண்டி மதிப்பு), வயது, சிசி, மாடல், எந்த ஊரில் பதிவானது, போன வருடம் கிளைம் உண்டா இல்லையா என்பதைத்தான் பார்ப்பார்கள். கார்களுக்கான மண்டலப் பிரிவில் சென்னை, பெங்களூரு போன்ற எட்டுப் பெருநகரங்கள் ‘ஏ’, மீதி எல்லாம் ‘பி’. அதனால் டி.என். 23 வேலூர், டி.என். 73 ராணிப்பேட்டை வண்டிகள் ‘பி’ மண்டலம். சென்னைப் பதிவு வண்டியைவிட அடிப்படை விகிதம் சற்றுக் குறைவு.

சலானையும் பிரீமியத்தையும் இணைக்கப் போகிறார்கள் என்று செய்தியில் வந்ததே?

வந்தது உண்மை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019 செப்டம்பரில் இதற்காக ஒரு குழு போட்டது. குழுவின் பரிந்துரை 2021 ஜனவரியில் வெளியானது. ஓடி, தேர்ட் பார்ட்டி ஆகியவற்றோடு ‘போக்குவரத்து விதிமீறல் பிரீமியம்’ என்று தனியாக ஒரு பகுதியைச் சேர்ப்பது, முதலில் டெல்லியில் சோதித்துப் பார்ப்பது என்பது யோசனை. ஒவ்வொரு தவறுக்கும் புள்ளி: குடித்துவிட்டு ஓட்டினால் 100, தவறான இடத்தில் நிறுத்தினால் 10. புள்ளிக்கு ஏற்ப இரு சக்கர வண்டிக்கு 100 முதல் 750 ரூபாய் வரை, காருக்கு 300 முதல் 1,500 ரூபாய் வரை கூடுதல் கட்டணம். முந்தைய இரண்டு வருட சலான்களைக் கணக்கில் எடுப்பார்கள்.

அதில் கவனிக்க வேண்டிய ஒன்று: புள்ளி ஓட்டியவர் பெயரில் ஏறாது, வண்டியின் மீது ஏறும், கட்டணத்தை ஆர்சி உரிமையாளர் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பரிந்துரை நாடு முழுவதும் அமலாகவில்லை. ஆனாலும் யோசனை சாகவில்லை; என்றைக்கு வந்தாலும் ஆர்சி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் மாட்டுவார். வண்டியை இரவல் கொடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

கம்பெனி என் சலான்களைப் பார்க்க முடியுமா? விண்ணப்பத்தில் கேட்டால்?

ரெனியூவல் நேரத்தில் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் விபத்தில் சிக்கியது, நீதிமன்றத்தில் தண்டனை பெற்றது பற்றிச் சில விண்ணப்பங்களில் ஒரு கேள்வி இருக்கும். அதற்கு உண்மையை எழுதுங்கள். தெரிந்தே மறைத்தது பின்னால் தெரிந்தால் கிளைமை மறுக்க அதையே காரணம் காட்டலாம். ஏஜென்ட் நிரப்பி, நீங்கள் கையெழுத்து மட்டும் போட்ட விண்ணப்பத்துக்கும் பொறுப்பு உங்களுடையதுதான். ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

சலான் விழுந்தால் நோ கிளைம் போனஸ் போய்விடுமா?

போகாது. என்சிபி போவது கிளைம் எடுத்தால்; அல்லது பாலிசி முடிந்து 90 நாளுக்குள் ரெனியூ செய்யாவிட்டால். சலானுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் வேகத்தின் உண்மையான விலையைப் பார்க்க வேண்டும் என்றால் இங்கேதான் கணக்குப் போட வேண்டும். என்சிபி ஏறும் படிகள் 20, 25, 35, 45, 50 சதவீதம். ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டியவர் ஓடி பிரீமியத்தில் பாதிதான் கட்டுகிறார். அவருடைய ஓடி பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதம் போக 6,000 கட்டுகிறார். ஒரு மோதல், ஒரு கிளைம். அடுத்த ரெனியூவலில் என்சிபி பூஜ்யம், முழு 12,000. அதற்கடுத்த வருடங்களில் 9,600, 9,000, 7,800, 6,600, பிறகுதான் மீண்டும் 6,000.

கிளைமே எடுக்காமல் இருந்திருந்தால் கட்டியிருக்க வேண்டியதைவிட எவ்வளவு அதிகம்? 6,000 + 3,600 + 3,000 + 1,800 + 600 = 15,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 17,700. வண்டி பழசாக ஆக ஐடிவி இறங்கும், அதனால் உண்மையில் தொகை கொஞ்சம் குறையலாம். ஆனாலும் ஆயிரம் ரூபாய் ஸ்பீட் ஃபைனுக்குப் பதறுகிறவர்கள் இந்த எண்ணைத்தான் பார்த்துப் பதற வேண்டும்.

இதே கணக்கு இன்னொன்றுக்கும் உதவும். கிரீன் சர்க்கிள் நெரிசலில் முன்னால் நின்ற ஆட்டோவில் பம்பர் உரசிவிட்டது. பம்பர் 6,000, பெயின்ட்டும் கூலியும் 3,000 என்று பில் வருகிறது. தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ வசதி இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். அதில் 3,000 போனது. கிளைமில் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு, 1500 சிசி வரையிலான காருக்கு 1,000. கைக்கு வருவது 5,000 அல்லது அதற்கும் குறைவு. அதற்காக 50 சதவீத என்சிபியை விடுவது நஷ்டம். கைக்காசைப் போட்டுச் சரி செய்துவிடுங்கள். என்சிபி புரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தால் கணக்கு மாறும். வருடத்தில் எத்தனை கிளைம் வரை அது காப்பாற்றும் என்பதைப் பாலிசித் தாளில் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும்.

அதிவேகத்துக்கு ஃபைன் எவ்வளவு?

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவுப்படி காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய். நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000. தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன.

வெறும் வேகமாக இல்லாமல், ஆபத்தாக ஓட்டினார் என்று 184-ஆம் பிரிவில் வழக்குப் போட்டால் கதை வேறு. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். சிக்னல் தாண்டுவது, கையில் போன் வைத்துப் பேசிக்கொண்டு ஓட்டுவது, எதிர்த் திசையில் வருவது எல்லாம் இந்தப் பிரிவில்தான் வருகின்றன. சர்வீஸ் ரோட்டில் எதிரே ஓட்டி வருவதை நம் பக்கம் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். சட்டம் அதை வேகத்தைவிடக் கடுமையாகப் பார்க்கிறது.

சலானால் லைசென்ஸ் போகுமா?

போகலாம். இந்தப் பக்கத்தில் நாங்கள் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

183-ஆம் பிரிவில் இரண்டாவது முறை மாட்டினால் லைசென்ஸைப் பறிமுதல் செய்யச் சட்டமே சொல்கிறது. அது தவிர, உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. அதிவேகம், சிக்னல் தாண்டுதல், போன் பேசிக்கொண்டு ஓட்டுதல், குடித்து ஓட்டுதல், அதிக பாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. போலீஸ் பரிந்துரைத்தால் ஆர்டிஓ அலுவலகம் 19-ஆம் பிரிவின் கீழ் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி விளக்கம் கேட்கும். அந்த நோட்டீஸைக் கிடப்பில் போடாதீர்கள். குறித்த நாளில் நேரில் போய், எழுத்தில் விளக்கம் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். போகாவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலேயே முடிவெடுத்துவிடுவார்கள்.

இப்போது இன்சூரன்ஸுக்கு வருவோம். உங்கள் பாலிசித் தாளில் ‘டிரைவர்ஸ் கிளாஸ்’ என்று ஒரு வரி இருக்கும்: விபத்து நேரத்தில் ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதி நீக்கம் செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது. நிறுத்தி வைத்த காலத்தில் வண்டியை எடுத்து மோதினால் இந்த வரியைக் காட்டி ஓடி கிளைமை மறுப்பார்கள். உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் கிடைக்காது, அதற்கும் செல்லுபடியாகும் லைசென்ஸ் வேண்டும். போதாததற்கு 182-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் அபராதம் தனி.

கையில் அட்டை இருக்கிறது, அதனால் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறது என்று நினைப்பது பெரிய ஆபத்து. நிறுத்திவைப்பு ‘சாரதி’ என்ற அரசின் லைசென்ஸ் கணினிப் பதிவில்தான் ஏறுகிறது. கிளைம் வந்ததும் கம்பெனி பார்ப்பதும் அந்தப் பதிவைத்தான். உங்கள் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் நிலையைப் பார்க்கலாம்.

வேகமாகப் போய் மோதினால் கிளைமையே மறுத்துவிடுவார்களா?

வேகம் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க, வழக்கமான கார் பாலிசியில் இடமில்லை. விலக்குப் பட்டியலில் இருப்பவை: மது அருந்தி ஓட்டியது, லைசென்ஸ் இல்லாதது, ரேஸ் அல்லது வேகச் சோதனைக்கு வண்டியைப் பயன்படுத்தியது, ஓன் போர்டு காரை வாடகைக்கு ஓட்டியது போன்றவை. இரவு பைபாஸில் இரண்டு கார்கள் போட்டி போட்டு ஓடின என்று எஃப்ஐஆரில் எழுதப்பட்டால், அது ரேஸ் என்ற விலக்குக்குள் இழுக்கப்படும். சாட்சி சொல்வதும் சிசிடிவியும் அங்கே உங்களுக்கு எதிராக நிற்கும்.

ஓன் போர்டு காரில் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கோ திருவண்ணாமலைக்கோ காசு வாங்கிக்கொண்டு சவாரி ஏற்றுவதும் இதே வகைதான். வேகத்தைவிட இந்தக் காரணத்தால் மாட்டும் கிளைம் அதிகக் கவலைக்குரியது.

கிளைமை மறுத்துக் கடிதம் வந்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்; ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், 50 லட்ச ரூபாய் வரையிலான புகார்களை எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி.

எதிரே வந்தவருக்கு அடிபட்டால்? ஓட்டியவரே இறந்துபோனால்?

அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கம்பெனி இழப்பீடு கொடுத்தாக வேண்டும். உங்கள் வேகம் அவருடைய உரிமையைப் பறிக்காது. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு இல்லை, சொத்துச் சேதத்துக்குக் காரில் 7.5 லட்ச ரூபாய் வரை. ஆனால் ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை என்று நிரூபணமானால், தீர்ப்பாயம் கம்பெனியைக் கொடுக்கச் சொல்லி, அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள அனுமதிக்கும். லட்சக்கணக்கில் வரும் அந்த வசூல் வீட்டையும் நிலத்தையும் தேடி வரும். குற்ற வழக்கு தனி: ஆபத்தாக ஓட்டியதற்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 281-ஆம் பிரிவு, உயிர் போனால் 106-ஆம் பிரிவு.

இரண்டாவது கேள்விக்குப் பதில் கசப்பானது. தன் அதிவேகத்தாலும் அஜாக்கிரதையாலும் விபத்துக்குள்ளாகி இறந்தவரின் குடும்பம், அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இழப்பீடு கோர முடியாது என்ற கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. குடும்பத்துக்கு மிஞ்சுவது தனிநபர் விபத்துக் காப்பீடுதான். பிரீமியத்தைக் குறைக்கச் சொல்லி அதை எடுக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

மச்சான் ஓட்டினார், சலான் என் பெயருக்கு வந்திருக்கிறது. என்ன செய்வது?

கேமரா நம்பர் பிளேட்டைத்தான் படிக்கும், அதனால் ஆர்சி உரிமையாளருக்குத்தான் வரும். ஓட்டியது யார் என்ற விவரத்தைச் சொல்லும் கடமை உரிமையாளருக்கு உண்டு. சின்ன ஃபைன் என்றால் குடும்பத்துக்குள் கட்டி முடித்துவிடுவார்கள், அதில் தவறில்லை. ஆனால் லைசென்ஸ் நிறுத்தம் வரை போகும் வழக்கு என்றால், ஓட்டியவர் விவரத்தை எழுத்தில் கொடுங்கள். மச்சானின் லைசென்ஸ் காலாவதி ஆகவில்லையா என்பதையும் சாவியைக் கொடுக்கும் முன்பே பாருங்கள்.

சலான் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பரிவாஹனின் இ-சலான் தளத்தில் சலான் எண், வண்டி எண், லைசென்ஸ் எண் மூன்றில் ஒன்றைப் போட்டுத் தேடலாம். வண்டி எண் போட்டால் சேஸிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி 5 இலக்கமும் கேட்கும், ஆர்சியில் பார்த்துக்கொள்ளுங்கள். எம்பரிவாஹன் ஆப்பிலும் பார்க்கலாம்.

எனக்கு மெசேஜே வரவில்லை என்கிறவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘வாகன்’ என்ற அரசின் வண்டிப் பதிவில் இருப்பது ஷோரூம்காரர் அல்லது பழைய உரிமையாளரின் மொபைல் எண். பரிவாஹன் தளத்திலேயே மொபைல் எண்ணை மாற்றலாம். நோட்டீஸில் போட்டிருக்கும் கெடுவுக்குள் கட்டாவிட்டால் வழக்கு வர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போகும்.

பயணம் ஆந்திரா, கர்நாடகம் பக்கம் என்றால் அந்த மாநிலப் போலீஸின் தனித் தளங்களையும் பாருங்கள். கிறிஸ்டியான்பேட்டை தாண்டிச் சித்தூர் சாலையில் விழுந்த சலான் பரிவாஹனில் தெரியாமல் இருக்கலாம்.

நான் போகாத இடத்தில் சலான். என் வண்டியே இல்லை!

நடக்கிறது. 8-ஐ 3 என்று படிப்பது, வேறொருவர் உங்கள் எண்ணைப் போலி பிளேட்டில் ஒட்டியிருப்பது இரண்டும் உண்டு. கட்டிவிடாதீர்கள். முதலில் சலானில் உள்ள படத்தைப் பெரிதாக்கி நம்பர், நிறம், மாடல், பின் விளக்கின் வடிவம், கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டிய இடம் எல்லாவற்றையும் உங்கள் வண்டியோடு ஒப்பிடுங்கள். பிறகு அன்று வண்டி எங்கே இருந்தது என்பதற்கு ஆதாரம் தேடுங்கள். பள்ளிகொண்டா டோலிலோ வாலாஜா டோலிலோ அந்த நேரத்துக்கு ஃபாஸ்டேக் பதிவு இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. இ-சலான் தளத்தில் புகார் பகுதியில் இவற்றை ஏற்றுங்கள், சலான் போட்ட போலீஸ் பிரிவுக்கும் எழுத்தில் கொடுங்கள். போலி பிளேட் என்று சந்தேகம் வந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குவது மிக அவசியம். அந்தப் போலி வண்டி நாளை ஒருவரை மோதிவிட்டு ஓடினால் உங்கள் இன்சூரன்ஸைத்தான் தேடி வருவார்கள்.

கேமரா சலானை எதிர்க்க நினைப்பவர்களுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் வந்த 167ஏ விதி உதவும். கருவிக்கு வருடாவருடம் புதுப்பித்த ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், கேமரா இருப்பதைச் சொல்லும் பலகை இருக்க வேண்டும், நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும், அதில் படம், அளந்த வேகம், நேரம், இடம், சட்டப் பிரிவு எல்லாம் இருக்க வேண்டும்.

கட்டாத சலான் இருந்தால் இன்சூரன்ஸ் ரெனியூ ஆகுமா?

ஆகும். ஆனால் வண்டியை விற்கவோ, லோன் முடித்து ஆர்சியில் உள்ள ஹெச்பியை (கடன் குறிப்பை) நீக்கவோ, என்ஓசி வாங்கவோ போகும்போது வாகன் தளத்தில் சலான் வழி மறிக்கும். புகைச் சான்று இல்லாமல் ரெனியூ ஆகாது என்பது 2017-இல் உச்ச நீதிமன்றம் போட்ட நிபந்தனை. 2024 ஜூலையில் அதை நீக்கிவிட்டார்கள். சான்று இல்லாமல் ஓட்டினால் ஃபைன் உண்டு என்பது மாறவில்லை. இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000 ரூபாய்.

பழைய கார் வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

முன்பணம் கொடுக்கும் முன் சலான் பட்டியலைத் திறந்து பாருங்கள். பாக்கியை விற்பவர் கட்டித் தீர்க்கட்டும். அதிவேக சலான் வரிசையாக இருந்தால், வண்டியை எப்படி ஓட்டினார்கள் என்பதும் தெரிந்துவிடும்; அப்படிப்பட்ட வண்டியில் பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன், டயர் ஓரம் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

வண்டி கை மாறியதும் தேர்ட் பார்ட்டி பகுதி தானாக உங்களுக்கு வரும், ஓடி பகுதி வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய உரிமையாளரின் என்சிபி உங்களுக்குக் கிடையாது. அது அவரோடு போகும், அவர் அடுத்த வண்டிக்கு 3 வருடத்துக்குள் பயன்படுத்திக்கொள்வார். அவருடைய என்சிபியோடே பாலிசியை ஓட்டினால் கிளைம் நேரத்தில் பிரச்சினை.

டி போர்டு வண்டிக்கு?

வாடகைக் காரில் 80 கிலோமீட்டரில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். கருவியைக் கழற்றியிருந்தால் எஃப்சியில் (தகுதிச் சான்றுச் சோதனையில்) நிற்கும். பல வண்டி வைத்திருப்பவர்களுக்கு கம்பெனி மொத்த கிளைம் வரலாற்றைப் பார்த்து விலை சொல்லும். ஒரு டிரைவரின் வேகம் எல்லா வண்டியின் பிரீமியத்திலும் தெரியும்.

வேகத்தைப் பார்த்தே பிரீமியம் போடும் பாலிசி இருக்கிறதா?

இருக்கிறது. 2022 ஜூலையில் ஐஆர்டிஏஐ ‘எப்படி ஓட்டுகிறீர்களோ அப்படிக் கட்டுங்கள்’ வகை ஆட்-ஆன்களுக்கு அனுமதி கொடுத்தது. போன் ஆப் அல்லது வண்டியில் பொருத்தும் சின்னக் கருவி வேகம், திடீர் பிரேக், வேகமான திருப்பம் ஆகியவற்றை அளக்கும். நிதானமாக ஓட்டுபவருக்கும் குறைந்த தூரம் ஓட்டுபவருக்கும் தள்ளுபடி. ஊருக்குள் மட்டும் ஓட்டும் காருக்கு இதை விசாரித்துப் பார்க்கலாம்.

மகன் அமெரிக்காவில், மகள் லண்டனில். அங்கே?

அங்கே நேரடியாக ஏறும். கலிஃபோர்னியாவில் ஒரு ஸ்பீட் டிக்கெட் என்பது பொதுவாக லைசென்ஸில் ஒரு பாயின்ட், சுமார் 3 வருடம் நிற்கும். 1988-இல் வந்த சட்டப்படி அங்கே ஓட்டும் வரலாறுதான் பிரீமியத்தின் முதல் அளவுகோல். நல்ல ஓட்டுநர் தள்ளுபடி 20 சதவீதம். டிராஃபிக் ஸ்கூல் முடித்தால் அந்தப் பாயின்ட் இன்சூரன்ஸுக்குத் தெரியாமல் மறைக்கப்படும், ஆனால் 18 மாதத்துக்கு ஒரு முறைதான் அந்த வாய்ப்பு. பிரிட்டனில் எஸ்பி30 என்ற குறியோடு 3 முதல் 6 பாயின்ட், 4 வருடம் லைசென்ஸில் இருக்கும். கம்பெனிகள் வழக்கமாக 5 வருட விவரம் கேட்கும். புது லைசென்ஸ் வாங்கிய 2 வருடத்துக்குள் 6 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸே ரத்து. வேக விழிப்புணர்வு வகுப்புக்குக் கூப்பிட்டால் மகளைப் போகச் சொல்லுங்கள். போனால் பாயின்ட் ஏறாது.

வாட்ஸ்அப்பில் சலான் வந்தது, ஃபைலைத் திறந்து பார்க்கச் சொல்கிறார்கள். திறக்கலாமா?

திறக்காதீர்கள். பெயரின் முடிவில் ஏபிகே என்று இருந்தால் அது உங்கள் போனுக்குள் இறங்கி ஓடிபி மெசேஜைப் படிக்கும் திருட்டு ஆப். அரசு சலானை ஆப் ஃபைலாக அனுப்பாது. மெசேஜில் உள்ள லிங்கைத் தொடாமல், நீங்களே பரிவாஹன் முகவரியைத் தட்டித் திறந்து வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிய வேண்டும். தெரியாமல் திறந்துவிட்டால் உடனே இன்டர்நெட்டை அணைத்து, வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி கணக்கை நிறுத்துங்கள், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் போன முதல் சில மணி நேரத்துக்குள் அழைத்தால்தான் நடுவழியில் முடக்க வாய்ப்பு அதிகம்.